தேக்குக்கு எதற்கு நிழல்

பிப்ரவரி 9

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே நான் சுகம். முழங்கால் மட்டும் அதன் இஷ்டப்படி நடக்கிறது. அங்கே நீங்கள், சம்பந்தியம்மாள், மாப்பிள்ளை, என் மகள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் கேட்கலாம்தான். ஆனால் பாதி ஆயுளை மரம் தேய்க்கும் மெஷின் பக்கத்தில் கழித்த காது இது. ஞாயிறுதோறும் மகள் பேசுகிறாள். "நல்லா இருக்கேம்பா" என்பதைத் தவிர வேறொன்றும் காதில் ஏறுவதில்லை. அதனால் பேனாவை எடுத்துவிட்டேன்.

விஷயம் பெஞ்சைப் பற்றியது. போன வருடம் நான் கொண்டுவந்து உங்கள் வீட்டுத் தோட்டத்தில் போட்டேனே, அந்தத் தேக்குப் பெஞ்ச். வெளியில் கிடக்கிற மரத்துக்கு வருடம் ஒருமுறை எண்ணெய் காட்ட வேண்டும். வெயில் ஏறும் முன்பே செய்துவிடுங்கள். முதலில் சோப்புத் தண்ணீர் விட்டு, ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்துக் கழுவுங்கள். நன்றாகக் காயட்டும். அவசரப்பட்டு ஈரத்தின் மேல் எண்ணெயைப் பூசினால், உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் வெளியே வர வழி தெரியாமல் மரத்தைக் கறுப்பாக்கிவிடும். காய்ந்தபின் உப்புத்தாளால் லேசாக ஒரு தேய்ப்பு. அப்புறம் நான் விட்டுவந்த டப்பாவிலிருக்கும் எண்ணெயைத் துணியால் தடவுங்கள். ஆளி விதை எண்ணெயும் டர்பன்டைனும் கலந்தது, வாடை தூக்கலாக இருக்கும். ஊறியது போக மிச்சத்தைத் துடைத்து எடுத்துவிடுங்கள். கால்களின் அடியில் மட்டும் தாராளமாகப் பூசலாம், ஏனென்றால் மரம் தண்ணீர் குடிப்பது கால் வழியாகத்தான். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

இன்னொன்று. பெஞ்சை மரத்தடி நிழலுக்குக் கொண்டுபோகாதீர்கள். நிழலில் ஈரம் காயாது, பாசி பிடிக்கும். தேக்கு வெயிலுக்குப் பயப்படாது. நன்றாகக் காயட்டும்.

பலகையைப் பற்றி உங்களுக்குத் தெரியும். தொட்டில் செய்வதற்கென்று வாங்கியது. அந்தக் குழந்தை தங்காமல் போனபின், பலகை என் வேலைக்கூடத்து மூலையில் நின்றபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பெஞ்சாக்கி உங்கள் வீட்டில் போட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. ஆகவே கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
பெஞ்ச் கொடுத்த சம்பந்தி


பிப்ரவரி 22

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் முழங்காலுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இங்கே எல்லோரும் சௌக்கியம். மகன் பாலம் கட்டுகிற வேலையில் வெளியூரில் இருக்கிறான், மாதக் கடைசியில் வந்து தலையைக் காட்டுகிறான். மருமகள் வழக்கம்போல வேலைக்குப் போய் வருகிறாள்.

உங்கள் கடிதத்தை வரிக்கு வரி படித்தேன். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவனுக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த மரம் கடைப் படிக்கட்டு ஒன்றுதான், அதிலும் அடிக்கடி இடித்துக்கொள்வதால் பழக்கம். ஆனாலும் நீங்கள் சொல்லி நான் செய்யாமல் இருப்பேனா? அடுத்த ஞாயிறு கடைக்கு விடுமுறை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுகிறேன்.

பெஞ்ச் நல்ல வெயிலில்தான் இருக்கிறது. நான் அதில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன். உங்கள் மகள் இன்னும் அதில் உட்காரவில்லை. போகும்போதும் வரும்போதும் கையால் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறாள். எழுத வேண்டுமா என்று யோசித்தேன், எழுதிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பெஞ்ச் வாங்கிக்கொண்ட சம்பந்தி


ஏப்ரல் 12

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உன் பாலத்தடியில் சிக்னல் கிடைக்காததால் நானும் கடிதம் எழுதுகிறவனாகிவிட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் மனைவி நன்றாக இருக்கிறாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் போன தடவை நடந்ததை மனதில் வைத்து ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றார். அலைச்சல் கூடாது, பெயின்ட், டர்பன்டைன் மாதிரி வாடையும் கூடாது. லீவு போட்டுவிட்டாள். அம்மா அவளைக் கால் தரையில் பட விடுவதில்லை.

இப்போது என் கஷ்டத்தைக் கேள். உன் மாமனார் பெஞ்சுக்கு எண்ணெய் காட்டச் சொல்லியிருந்தார் இல்லையா? நானும் ஒரு ஞாயிறு டப்பாவைத் திறந்தேன். திறந்ததுதான் தாமதம், உள்ளேயிருந்து அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். அப்படித்தான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது. மூடிய டப்பாவை இன்னும் திறக்கவில்லை. அவரோ, "என்ன ஆயிற்று பெஞ்ச்?" என்று கார்டு மேல் கார்டாகப் போடுகிறார்.

சொல்லிவிடலாம் என்றால் உன் மனைவி விடமாட்டேன் என்கிறாள். "குழந்தை கையில வர்ற வரைக்கும் அப்பாவுக்குத் தெரிய வேணாம் மாமா. போன தடவ படுக்கையில கெடந்துக்கிட்டு நான்தான் அவரத் தேத்துனேன். இன்னொரு தடவ அவர் மொகத்தப் பாத்தா எனக்கிருக்கிற தைரியமும் போயிரும்" என்கிறாள். அவள் சொல்வதும் நியாயம்தான். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த மனிதர் உடைந்து உட்கார்ந்திருந்ததை நீயும் பார்த்தாய். அம்மா இல்லாத பெண்ணைத் தனியாக வளர்த்தவர், என்ன செய்வார்!

ஆகவே இன்றைக்கு அவருக்கு ஒரு பொய் எழுதிப் போட்டிருக்கிறேன். பிரஷ்ஷில் முடி கொட்டிவிட்டது என்றேன். அது போதாதோ என்று, பெஞ்சுக்கு அடியில் குருவி கூடு கட்டியிருக்கிறது என்றும் சேர்த்தேன். எழுதிய பிறகு எனக்கே நம்பிக்கை வரவில்லை. நீ வரும்போது இதைவிட நல்லதாக ஒன்று யோசித்துக்கொண்டு வா.

அன்புடன்,
அப்பா


ஏப்ரல் 29

சம்பந்தி அவர்களுக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமாகத்தான் இருக்க வேண்டும். இத்தனை கற்பனை உடம்பு சரியில்லாதவனுக்கு வராது.

பிரஷ்ஷில் முடி கொட்டிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். எண்ணெயைத் துணியால் தடவச் சொன்னேன். பிரஷ் எங்கிருந்து வந்தது? குருவி கூடு கட்டிவிட்டது என்கிறீர்கள். பூனை எட்டுகிற உயரத்தில் கூடு கட்ட அதற்கென்ன புத்தி கெட்டுப்போயிற்றா?

எனக்குக் கோபமில்லை என்று எழுத நினைத்தேன், ஆனால் கோபம்தான். வேறு பெஞ்சாக இருந்தால் விறகுக்குப் போகட்டும் என்று விட்டிருப்பேன். இது அப்படியல்ல, உங்களுக்கே தெரியும். எண்ணெய் காணாமல் வெளுத்து, வெடித்து, மழைக்காலத்தில் ஈரம் குடித்து வீணாகப் போவதை நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். அடுத்த மாதம் டப்பாவும் துணியுமாக நானே வருகிறேன். உங்களுக்கு எந்தச் சிரமமும் வேண்டாம். மகளையும் பார்த்ததாக இருக்கும். போனில் அவள் குரல் முன்னைவிட மெலிந்து கேட்கிறது. காது கேளாதவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
பெஞ்ச் கொடுத்தவன்


மே 8

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இவ்விடம் அனைவரும் க்ஷேமம். மிகவும் க்ஷேமம். நீங்கள் பதறிக்கொண்டு வரும்படி இங்கே ஒன்றுமே இல்லை.

வரவேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் மகள் வீடு, நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஆனால் இப்போது வேண்டாம். வெயில் கடுமை. பஸ்ஸில் கூட்டம். உங்கள் முழங்கால் வேறு.

சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். குருவி பொய். பிரஷ்ஷும் பொய். என் வீட்டுக்காரிக்கு அந்த எண்ணெய் வாடை ஆகவில்லை. டப்பாவைத் திறந்தாலே குமட்டிக்கொண்டு ஓடுகிறாள். டப்பா என்ன, வெங்காயம் வதக்குகிற வாசனையே ஆகவில்லை. காலையில் எழுந்தால் தலைசுற்றல், மதியம் தூக்கம், திடீரென்று புளிப்பாக ஏதாவது வேண்டும் என்கிறாள். வயதாகிறது அல்லவா, அப்படித்தான் இருக்கும். டாக்டரம்மாவும் வாடை கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால்தான் பெஞ்ச் அப்படியே கிடக்கிறது. உங்கள் மகள் பாவம், அவளைக் கவனித்துக்கொள்ள லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருக்கிறாள்.

பெஞ்ச் கொஞ்சம் வெளுக்க ஆரம்பித்திருக்கிறது. தயவு செய்து மன்னிக்கவும். தயவு செய்து வரவும் வேண்டாம்.

அன்புடன்,
சம்பந்தி


ஜூன் 21

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து வெகுநாளாகிறது. பதில் எழுதத் தாமதித்ததற்குக் காரணம் ஒன்றுமில்லை. எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். நான் நன்றாக இருக்கிறேன். அங்கே எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

நான் வரவில்லை. முழங்கால் விடமாட்டேன் என்கிறது. நீங்களாகக் கூப்பிடும்போது வருகிறேன்.

பெஞ்சுக்கு எண்ணெய் வேண்டாம். டப்பாவை வீட்டை விட்டே வெளியேற்றிவிடுங்கள், யாருக்காவது கொடுத்துவிடுங்கள். உப்புத்தாளும் வேண்டாம், அந்தத் தூசு மூச்சுக்கு ஆகாது. தேக்குக்குள்ளேயே எண்ணெய் இருக்கிறது. வெளுத்தால் வெளுக்கட்டும், நிறம்தானே போகிறது, உயிர் போகவில்லை.

ஆனால் வேறு சில காரியங்கள் செய்ய வேண்டும். பெஞ்சை உடனே பின்பக்கத்து மரத்தடிக்கு மாற்றுங்கள். மத்தியான வெயில் ஆகாது. மாற்றும்போது நீங்களும் இன்னோர் ஆளுமாகத் தூக்குங்கள். வீட்டுப் பெண்கள் யாரும் அதில் கை வைக்கக் கூடாது. சாய்கிற பலகைக்கு ஒரு தலையணை கட்டிவிடுங்கள், சாய்மானம் மிருதுவாக இருந்தால் மரம் தேயாது. முன்னால் கால் வைத்துக்கொள்ள ஒரு சிறு பலகை போடுங்கள். கால் தொங்கினால் முன்சட்டத்துக்கு வலி. தினமும் காலையில் இளவெயிலில் யாராவது அரைமணி நேரம் அதில் உட்கார வேண்டும், அப்போதுதான் பொருத்துகள் இறுகும். கனமான ஆள் வேண்டாம். குறிப்பாக நீங்கள் வேண்டாம். ரேடியோவில் செய்தி வைத்துச் சத்தமாகக் கேட்பீர்களே, அதையும் பெஞ்சுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அதிர்ச்சி ஆகாது.

சம்பந்தியம்மாளை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வாய்க்கு எது கேட்டாலும் வாங்கிக் கொடுங்கள். மாடிப்படி ஏற விடாதீர்கள்.

இப்படிக்கு,
சம்பந்தி


ஜூலை 10

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

நீங்கள் நலமாக இருப்பதாக எழுதியது மனதுக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா! கோபம் தீர்ந்ததில் அதைவிட நிம்மதி. நாங்களும் நலம். என் வீட்டுக்காரியும் நலம். படியேறக் கூடாது என்று நீங்கள் எழுதியதை வாசித்ததும் என்னை ஒரு மாதிரி முறைத்தாள்.

நீங்கள் சொன்னது ஒன்று விடாமல் செய்தாயிற்று. பெஞ்சை நானும் எதிர்வீட்டுத் தச்சரும் தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் போட்டோம். தலையணை கட்டினேன். கால் பலகை போட்டேன். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த தச்சர், "ஏன் சார், பெஞ்சுக்குத் தலையணையா? போர்வை போத்தலையா?" என்று கேட்டுவிட்டு இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார். "பெரிய பாலிஷ்காரர் சொன்னா அதுல ஏதாவது அர்த்தம் இருக்கும், ஒங்களுக்கு என்ன தெரியும்?" என்று வாயை அடைத்தேன். ஆனால் எனக்கே ஒரு சின்னச் சந்தேகம். பிப்ரவரியில் வெயில் வேண்டும் என்றீர்கள், ஜூனில் நிழல் வேண்டும் என்கிறீர்கள். பருவத்துக்குப் பருவம் மாறுமோ என்னவோ.

உட்கார ஆள் தேடினேன். நான் கனம், என் வீட்டுக்காரி என்னைவிட. (இந்த வரியை யாருக்கும் வாசித்துக் காட்டவேண்டாம்.) அதனால் உங்கள் மகளையே உட்காரச் சொன்னேன். ஒரு வருடமாக உட்காராதவள், உங்கள் கடிதத்தை முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு நேராகப் போய் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்னம்மா?" என்றேன். "தூசி மாமா" என்றாள். தொழில் புத்தி விடுமா, நானும் இமையைப் பிரித்துப் பார்த்தேன். தூசி ஒன்றும் தென்படவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் உட்காருகிறாள். பொருத்துகள் நன்றாக இறுகி வருகின்றன.

அன்புடன்,
பெஞ்சைக் காக்கும் சம்பந்தி


செப்டம்பர் 2

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

தச்சர் சிரிக்கட்டும். சிரிக்கிற வீட்டில் மரம் நன்றாக நிற்கும்.

என் சுகத்துக்குக் குறைவில்லை. உங்கள் எல்லோருடைய சுகத்தையும் விவரமாக எழுதுங்கள். சுருக்கமாக எழுதினால் எனக்குப் போதவில்லை.

இங்கே மழை ஆரம்பித்துவிட்டது, அங்கேயும் இருக்கும். தோட்டத்துத் தரை வழுக்கும். பெஞ்ச்வரை செங்கல் பரப்பி வழி போட்டுவிடுங்கள். மழை பெய்கிறதே என்று பெஞ்சை பிளாஸ்டிக் தாளால் இறுக்கி மூடாதீர்கள். காற்றுப் போகாவிட்டால் உள்ளேயே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். இது மட்டும் நிஜமாகவே பெஞ்சுக்கு. மேலே ஒரு தகரக் கூரை போட முடிந்தால் நல்லது.

ஈரக்காலத்தில் கால் வீங்கும். அப்படித் தெரிந்தால் அலட்சியமாக இருக்காதீர்கள், உடனே விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். இராத்திரி நேரமென்றும் பார்க்க வேண்டாம்.

இதற்கு மட்டும் சீக்கிரம் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
சம்பந்தி


அக்டோபர் 9

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. மன்னிக்கவும். நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

செங்கல் வழி போட்டாயிற்று. தகரமும் போட்டாயிற்று. பெஞ்ச் நன்றாக இருக்கிறது. ஒரு வாரமாக அதில் யாரும் உட்காருவதில்லை.

கடையை மூடி வைத்திருக்கிறேன். மகன் வந்திருக்கிறான். வெளியே கொஞ்சம் அலைச்சல். விவரமாகப் பிறகு எழுதுகிறேன்.

சம்பந்தி


அக்டோபர் 20

என் அருமைச் சம்பந்திக்கு,

நேற்று போனில் நான் கத்தியது எதிர்வீட்டுத் தச்சருக்கே கேட்டது. உங்களுக்குக் கேட்டதோ என்னவோ. நீங்கள் "ஆ? ஆ?" என்றீர்கள், பிறகு அழுதீர்கள். எது காதில் விழுந்து அழுதீர்கள் என்று தெரியாததால் எழுத்தில் போட்டுவிடுகிறேன். பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். மறுபடியும் எழுதுகிறேன், இரண்டு பேரும் நலம். மூக்கு உங்களுடையது. குரல் யாருடையது என்று தெரியவில்லை, வார்டே எழுந்து உட்கார்ந்துவிட்டது.

கடைசிப் பத்துப் பதினைந்து நாள் எங்களை ஆட்டிவைத்துவிட்டது. கால் வீங்கி, ரத்த அழுத்தம் ஏறி, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உங்கள் கடிதத்தில் கால் வீங்கும் என்று எழுதியிருந்தீர்களே, நான் பெஞ்சின் காலைத் தடவிப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று திரும்பினேன். உங்கள் மகள்தான் தன் காலைக் காட்டி, "மாமா, டாக்டர்கிட்ட போகலாம்" என்றாள். அன்றைக்கே போனதால் பிழைத்தோம் என்கிறார் டாக்டரம்மா.

குழந்தையைக் கையில் வாங்கியதும் எனக்கு வந்த முதல் கவலை நீங்கள்தான். "இத்தனை மாசமா ஒங்கப்பாகிட்ட பொய்யா எழுதித் தள்ளிட்டேனேம்மா, இனிமே எந்த மொகத்த வச்சிக்கிட்டு அவரப் பாப்பேன்?" என்றேன். படுத்துக்கொண்டே சிரித்தாள். "அப்பாவுக்கு ஜூன்லயே தெரியும் மாமா. தேக்குக்கு நெழல் வேணும்னு எங்கப்பா சொல்வாரா?" என்றாள்.

நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் என் வீட்டுக்காரி, "எனக்கும் அப்பவே தெரியும்" என்றாள். ஆக, உங்களுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும் என்று அவர்களுக்குத் தெரியும், ஒன்றும் தெரியாமல் ரகசியத்தைக் கட்டிக் காத்தவன் நான் ஒருவன்தான். ஊர்க் கண்ணையெல்லாம் பரிசோதிக்கிறேன் என்று போர்டு மாட்டியிருக்கிறேன் பாருங்கள்.

கோபமில்லை. உண்மையாகவே இல்லை. இவ்வளவு லேசாக நான் எப்போதும் இருந்ததில்லை. உடனே புறப்பட்டு வாருங்கள்.

அன்புடன்,
பேத்தியின் இன்னொரு தாத்தா


அக்டோபர் 27

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

நான்கு பேருக்கும் சுகம் கேட்டு எழுதிப் பழகிய கைக்கு, இன்றைக்கு ஐந்தாவதாகவும் ஓர் ஆளைக் கேட்க வேண்டியிருக்கிறது. எப்படி இருக்கிறாள்? பால் குடிக்கிறாளா? மூக்கு என்னுடையது என்றால் பிற்பாடு என்னைத் திட்டுவாள்.

உங்கள் பொய்யை நான் கண்டுபிடித்ததில் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. போன வருடம் பெஞ்சைக் கொண்டுவந்து போட்ட அன்றைக்கு, சம்பந்தியம்மாள் என் கையிலிருந்து துணியை வாங்கி, தானே ஒரு பக்கம் முழுக்க எண்ணெய் தடவினார். "வாசனை நல்லா இருக்கே" என்று வேறு சொன்னார். அவருக்கு வாடை ஆகவில்லை என்று நீங்கள் எழுதினால், ஆகாத மூக்கு யாருடையது? என் மனைவி மகளைச் சுமந்த மாதங்களில் என்னை வேலைக்கூடத்திலிருந்து நேராகக் குளிக்க அனுப்பாமல் வீட்டுக்குள் விட்டதில்லை. உங்கள் மே மாதக் கடிதத்தைப் படித்து முடித்ததும் எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். சந்தோஷமும் பயமும் ஒன்றாக வந்தால் மனிதன் என்ன செய்வான்?

என்னிடம் ஏன் மறைக்கிறாள் என்பதும் புரிந்தது. கொஞ்சம் வலித்தது. ஆனால் அவள் செய்தது சரி. நான் கேட்டால் அவள் பொய் சொல்ல வேண்டும். தெரிந்ததென்று சொன்னால் என்னைத் தேற்ற வேண்டும். இரண்டும் அந்த நேரத்தில் அவளுக்கு வேண்டாத வேலை. சும்மா இருக்கவும் என்னால் முடியவில்லை. பெஞ்ச் ஒன்று இருந்ததால் பிழைத்தேன்.

"யாரும் உட்காருவதில்லை" என்று எழுதினீர்களே, அதைப் படித்த அன்றைக்குப் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிலையம்வரை போய்விட்டேன். வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இருந்தவர் டிக்கெட் வாங்கிக்கொண்டு நகர்ந்தார். "எந்த ஊர் பெரியவரே?" என்று கேட்டார்கள். குழந்தை கையில் வரும்வரை வேண்டாம் என்று நினைத்திருக்கிறாளே, நான் போய் நின்றால் என் முகத்தைத்தானே முதலில் பார்ப்பாள் என்று தோன்றியது. திரும்பிவிட்டேன். இத்தனை வருடத்தில் நான் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான்.

நீங்கள் வரச் சொன்னதற்கு மிகவும் சந்தோஷம். ஆனால் அவள் கூப்பிடட்டும். இவ்வளவு நாள் பொறுத்தவன், இன்னும் கொஞ்சம் பொறுப்பேன். பை மட்டும் கதவுப் பக்கத்திலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
சம்பந்தி


நவம்பர் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் நன்றாக இருக்கிறேன். போனில் சொன்ன அந்த "நல்லா இருக்கேம்பா" இல்லை, நிஜமாகவே நன்றாக இருக்கிறேன். உங்கள் பேத்தி பால் குடிக்கிறாள், தூங்குகிறாள், மற்ற நேரத்தில் எல்லோரையும் அதட்டுகிறாள்.

உங்கள் கடிதத்தை மாமா சத்தமாக வாசித்தார். பஸ் நிலையத்து வரிசை வந்ததும் அவரால் மேலே வாசிக்க முடியவில்லை. அத்தை வாங்கி வாசித்தார். அவராலும் முடியாமல், கடைசியில் நானே வாசித்துக்கொண்டேன்.

அப்பா, போன தடவை நீங்கள் அழுதீர்கள். அதனால் நான் அழ முடியாமல் போய்விட்டது. அதை உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இந்தத் தடவை எதையுமே சொல்லவில்லை. ஜூன் மாதம், தேக்கை நிழலில் போடுங்கள், தலையணை கட்டுங்கள் என்று நீங்கள் எழுதியதை மாமா மும்முரமாக வாசிக்க வாசிக்க, எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். அன்றைக்கு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் போன தடவைக்கும் சேர்த்து அழுதேன். அதற்குப் பிறகு பயம் குறைந்துவிட்டது. தினமும் காலையில் அரைமணி நேரம், நீங்கள் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

பெஞ்ச் முழுக்கச் சாம்பல் நிறமாகிவிட்டது. எங்கும் ஒரு வெடிப்பு இல்லை. எதிர்வீட்டுத் தச்சர் தட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் நாலு தலைமுறைக்கு வரும் என்றார். இன்று காலை மாமாவும் அவரும் அதைத் திரும்ப வெயிலுக்குத் தூக்கிப் போட்டார்கள். நான் அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்த கையோடு உங்கள் பேத்தி இந்த வருடத்து முதல் பூச்சைப் பூசிவிட்டாள். ரேகை ஓடும் திசையிலேயே பூசினாள் என்று மாமா சாட்சி சொல்கிறார். சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவிக் காயவைத்திருக்கிறோம்.

வாங்கப்பா. நாளைக்கே வாங்க. டப்பா வேண்டாம், துணி வேண்டாம், எதையும் தூக்கிக்கொண்டு வரவேண்டாம். அந்தப் பையைக்கூட அங்கேயே வைத்துவிடுங்கள். இவளைத் தூக்க உங்களுக்கு இரண்டு கையும் வேண்டும்.

உங்கள் மகள்